பெல்டோ வீட்டின் ஈரச் சுவர்

லெம்பி பெல்டோ கைக்குட்டையைப் பிரித்து ஹில்யா ராத்தியோவின் மேசைமேல் வைத்தாள். உள்ளே ஒரு பல் இருந்தது. வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்த முன்பல்.

“எங்க வீட்டுக்காரரோடது,” என்றாள். “துணி எடுக்கணும்னு ஷெரிஃப்கிட்ட கேட்டு நேத்து வீட்டுக்குப் போனேன். கீழ சவுனா அறையில, ஆவிக் குளியல் பெஞ்சுக்கு அடியில கிடந்துச்சு. போலீஸ்காரங்க மேல மட்டும்தான் பாத்திருக்காங்க. கீழ எட்டிக்கூடப் பாக்கல.”

மேசைக்கு எதிரே காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த துணை ஷெரிஃப் மிலான் ஸ்டெர்லே தலையைக் குனிந்துகொண்டான். பார்க்காமல் போன போலீஸ்காரன் அவன்தான்.

மினசோட்டாவின் வடகோடியில், இரும்புச் சுரங்கங்களுக்கு நடுவில் இருக்கும் லெப்பாகோஸ்கியில் அந்தச் செவ்வாய்க்கிழமை வேறு பேச்சே கிடையாது. போன சனிக்கிழமை மாலை லெம்பியின் கணவர் ரெய்னோவை அவருடைய சமையலறையிலேயே யாரோ அடித்துக் கொன்றிருந்தார்கள். லெம்பி அன்று தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள்; இன்னும் அங்கேதான் தங்கியிருந்தாள். ஏரியில் உறைந்த பனியைத் துளைக்க மீன்பிடிக்காரர்கள் வைத்திருப்பார்களே, நாலடி நீள உளிக்கம்பி, அதனால் தலையில் மூன்று அடி. முதல் அடியில் காது கிழிந்து தொங்கியது. இரண்டாவதில் மண்டை பிளந்தது. மூன்றாவது அடி தரைப்பலகையையும் பெயர்த்திருந்தது. முப்பத்தெட்டு வருஷம் சுரங்கத்தில் பாறை விழாமல் தப்பித்து வந்த மனிதர்.

கைதானது அவருடைய தம்பி ஆர்விட். அன்று மாலை அண்ணனை அடித்ததை அவரே ஒப்புக்கொண்டார். சட்டையில் ரெய்னோவின் ரத்தம், விரல் முட்டிகளில் பல் கிழித்த காயம். போதாததற்கு, பார்த்த சாட்சியும் இருந்தது. வேட் லெட்லோ என்ற காப்பு நுரைக்காரன். குளிர் உள்ளே வராமல் இருக்கச் சுவருக்குள் நுரை பீய்ச்சுவது அவன் தொழில். போன இலையுதிர் காலத்தில் ரெய்னோ வீட்டுக்கும் அவன்தான் அடித்துக் கொடுத்திருந்தான். விட்டுப்போன ஏணியை எடுக்க ஏழரை மணிக்கு வந்ததாகவும், சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது ஆர்விட் கம்பியை ஓங்கி மூன்று தடவை அடித்ததைக் கண்டதாகவும், பயந்துபோய் வீட்டுக்குள் காலே வைக்காமல் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், போனுக்கு சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று தகவல் சொன்னதாகவும் எழுதிக் கொடுத்திருந்தான்.

“ஆர்விட் அடிச்சான். இல்லைன்னு சொல்லல,” என்றாள் லெம்பி. “அவங்க ரெண்டு பேரும் ஆறு வயசுலேர்ந்து அடிச்சிக்கிறவங்க. அடிச்சிட்டு, ரத்தத்தத் தொடச்சிட்டு, ஒண்ணா உக்காந்து காபி குடிப்பாங்க. கொல்ற கை இல்ல அது. திங்கக்கிழமை கோர்ட்ல வேட் வந்து சாட்சி சொல்லிட்டான்னா ஆர்விட் சாகுற வரைக்கும் உள்ளதான். எங்க வீட்டுக்காரரப் புதைக்கவே தரை இளகணும்னு வசந்தம் வரைக்கும் காத்துக்கிட்டிருக்கேன். அதுக்குள்ள கொழுந்தனையும் உயிரோட புதைக்கணுமா?”

“ஷெரிஃப்கிட்ட சொன்னியா?” என்று ஹில்யா கேட்டாள்.

“சொன்னேன். போய்த் தூங்குன்னாரு.”

ஹில்யா போலீஸ் இல்லை. மாவட்டத்தின் கட்டட ஆய்வாளர். ஐம்பத்தாறு வயது. இருபத்தைந்து வருஷமாகப் பிறர் வீட்டுச் சுவர்களைத் தட்டிப் பார்த்தே காது தீட்டியவள். லெம்பி அவளைத் தேடி வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஹில்யா எழுந்து தொலைபேசியின் பொத்தானை அமுக்கினாள். வெள்ளிக்கிழமை மாலை பதிவான குரல், கரகரவென்று, உயிரோடு பேசியது.

“ஹில்யா, நான் ரெய்னோ. என் வீட்டுச் சுவர் அழுவுது. நாளைக்குப் படுக்கையறைச் சுவர அறுத்துத் திறந்து வைக்கிறேன். திங்கக்கிழமை வந்து உன் கண்ணாலயே பாரு. நீ வர்ற வரைக்கும் மூடமாட்டேன்.”

லெம்பி கைக்குட்டையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். ஹில்யா மிலானைப் பார்த்தாள்.

“நீதான சனிக்கிழமை முதல்ல உள்ள போன? படுக்கையறைச் சுவர்ல ஓட்டை இருந்துச்சா?”

மிலான் யோசித்தான். மேலே எல்லா அறைகளையும் பார்த்ததாகவும், சுவர் முழுசாகத்தான் இருந்ததென்றும் சொன்னான். “அறுக்குறதுக்குள்ள செத்துட்டாரு போல, அக்கா.”

“ரெய்னோ சனிக்கிழமை செய்யிறேன்னு சொன்னா சனிக்கிழமை காலையில செஞ்சிருப்பான்,” என்று மட்டும் சொல்லிவிட்டு ஹில்யா கோட்டை மாட்டினாள்.

வீடு ஊருக்கு வெளியே, பிர்ச் மரங்களுக்கு நடுவில் இருந்தது. கொலை நடந்த அன்று பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. செவ்வாயன்று வானிலை கொஞ்சம் இரங்கி, கூரை விளிம்பில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போகாமல் ஹில்யா முதலில் வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்தாள். இடுப்பளவு பனியில் கால் புதைய, நாலு வெளிச்சுவரையும் அடிமுதல் முடிவரை பார்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று மிலான் கேட்டதற்கு, “ஒரு மூக்க,” என்றாள். கிடைத்ததா என்று கேட்டான். இல்லை என்றாள்.

மிலானுக்குச் சும்மா நிற்க முடியவில்லை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே, வேட் நின்றதாகச் சொன்ன இடத்தில் போய் நின்றுகொண்டு, கூட வந்து உள்ளே போயிருந்த லெம்பியை விரல்களைக் காட்டச் சொன்னான். மூன்று, ஐந்து, இரண்டு என்று ஒன்று விடாமல் சரியாகச் சொன்னான். பழைய ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். சுவரை மாற்றிய ரெய்னோ ஜன்னலை மாற்றவில்லை. கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

“நல்லாத் தெரியுது, அக்கா. வேட் பொய் சொல்லல,” என்றான் வருத்தமாக.

ஹில்யா அதற்குள் உள்ளே போய் ஜன்னல் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். அங்கே பழைய துண்டுகளைச் சுருட்டி நெடுக வைத்திருந்தார்கள். பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. மேலே திரைக்கம்பி மொட்டையாக இருந்தது. திரை எங்கே என்று கேட்டாள். நவம்பரிலேயே கழற்றிவிட்டதாக லெம்பி சொன்னாள். துணி ஓரம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, இழுத்தால் கிழிந்ததாம். அப்புறம் கறுப்பாகப் பூஞ்சை வேறு பிடித்ததாம்.

கீழ்த்தளத்தில் சவுனா அறையும், பக்கத்தில் சுவரில் மாட்டிய காற்று மாற்றும் மெஷினும் இருந்தன. காற்றுப் புகாமல் நுரை அடைத்த வீட்டுக்கு அந்த மெஷின் கட்டாயம். உள்ளே சேரும் ஈரக் காற்றை வெளியே தள்ளி, வெளியிலிருந்து காய்ந்த காற்றைக் கொண்டுவர வேண்டும். பச்சை விளக்கு எரிந்தது, உறுமலும் கேட்டது. மாட்டியாயிற்று, ஓடுகிறது என்று வேட் கையெழுத்துப் போட்ட தாள் ஹில்யாவின் அலுவலகக் கோப்பில் இருந்தது.

படுக்கையறையில் வடக்குச் சுவரை மறைத்துக்கொண்டு கனமான அலமாரி ஒன்று நின்றது. “இது இங்கதான் இருக்குமா?” என்று ஹில்யா கேட்டாள். லெம்பி கதவுப் பக்கம் கை காட்டினாள். எப்போதும் கதவோரம் இருக்குமென்றும், போலீஸ்தான் நகர்த்தியிருக்கும் என்று நினைத்ததாகவும் சொன்னாள். மிலான் நகர்த்தவில்லை. அவனும் ஹில்யாவும் சேர்ந்து அதை ஒதுக்கினார்கள். பின்னால் சுவரில் அடித்திருந்த மரப்பலகை ஒன்றின் ஆணித்தலைகள் புதுசாக மின்னின. ஹில்யா அதைத் தொடவில்லை. கதவைச் சாத்தி, மறுபடி சீல் வைக்கச் சொன்னாள்.

மறுநாள் சிறையில் ஆர்விட்டைப் பார்த்தார்கள். அறுபத்து நாலு வயது ஆள், கட்டிலில் சுருண்டு கிடந்தார். வேட் லெட்லோவை அண்ணனுக்குக் கூட்டிவந்து விட்டதே அவர்தானாம். நாட்டின் தென்கோடியில், வெக்கையான கடற்கரைப் பக்கமிருந்து வந்தவன், பன்னிரண்டு வருஷ அனுபவம், சல்லிசாகச் செய்கிறான் என்று சிபாரிசு செய்தாராம். சனிக்கிழமை வழக்கம்போலக் குளியலுக்குப் போனபோது, உன் ஆளால் என் சுவர் அழுகிவிட்டது, நீயும் அவனிடம் பங்கு வாங்கினாயா என்று ரெய்னோ கேட்டிருக்கிறார். சவுனா பெஞ்சிலேயே, உடம்பில் துணியில்லாமல், இருவரும் கட்டிப் புரண்டிருக்கிறார்கள்.

“பல்லு போச்சு அவனுக்கு. வாயெல்லாம் ரத்தம். சிரிச்சான், தெரியுமா? ‘இப்பதான்டா உன் கைக்கு வயசாகலன்னு தெரியுது’ன்னான். துணியப் போட்டுட்டு வந்து அவன எழுப்பி விட்டேன், அதுல என் சட்டையெல்லாம் ரத்தம். கோவத்துல தலைகூடத் துவட்டாம ஆறரைக்குக் கிளம்பிட்டேன். முடி குச்சி குச்சியா உறைஞ்சு போச்சு.” சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். “கடைசியா என்கிட்டேர்ந்து அவன் வாங்கினது ஒரு குத்து. என்னை என்ன வேணா பண்ணிக்குங்க.”

அலுவலகத்துக்குத் திரும்பியதும், சனிக்கிழமை இரவு எட்டே காலுக்கு மிலான் எடுத்த புகைப்படங்களை ஹில்யா மேசையில் பரப்பினாள். பிணத்தைத்தான் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அவள் படத்தின் மூலையைத் தொட்டுக் காட்டினாள்.

“இது என்ன வெள்ளையா?”

“ஜன்னல் திரை,” என்றான் மிலான். சொன்ன வாய் மூடவில்லை. மொட்டைத் திரைக்கம்பி அவன் கண்முன் வந்துவிட்டது.

“சனிக்கிழமைக்குப் பூஜ்யத்துக்குக் கீழ இருபத்தெட்டுன்னு ரேடியோல சொல்றான்,” என்றாள் ஹில்யா. “அன்னிக்கு எல்லாரையும் அந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வா. லெம்பிய அஞ்சு மணிக்கே சவுனா அடுப்பப் பத்த வைக்கச் சொல்லு.”

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஷெரிஃப் முனகிக்கொண்டே வந்தார். அவர் வண்டியிலிருந்து ஆர்விட்டைக் கைவிலங்கோடு இறக்கினார்கள். சாட்சி நின்ற இடத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி வரவழைத்ததால், வேட் லெட்லோ தன் சொந்த வண்டியிலேயே வந்திருந்தான். உயரமான, சிரித்த முகக்காரன். லெம்பியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி, “ரொம்ப வருத்தம், அம்மணி,” என்றான். அவள் திரும்பி அடுப்பில் காபிப் பாத்திரத்தை வைத்தாள். கீழே இரண்டு மணி நேரமாகக் கற்கள் காய்ந்து, தண்ணீர் ஊற்றிய ஆவி படிக்கட்டு வழியாக ஏறிக்கொண்டிருந்தது.

ஷெரிஃபையும் வேட் லெட்லோவையும் ஹில்யா ஜன்னலுக்கு வெளியே போய் நிற்கச் சொன்னாள். உள்ளே மிலான் துடைப்பக் கட்டையை ஓங்கினான், இறக்கினான், ஒற்றைக்காலில் குதித்தும் பார்த்தான். உள்ளே நடந்தது என்ன என்று வெளியே இருவரையும் கேட்டபோது ஷெரிஃப் கடுப்பாகத்தான் பதில் சொன்னார். கண்ணாடி முழுக்க விரல் கனத்துக்கு ஐஸ், விளக்கு எரிவது மட்டும்தான் தெரிந்தது.

எல்லோரும் உள்ளே வந்ததும் ஹில்யா அமைதியாக ஆரம்பித்தாள்.

“வேட், இந்த ஊர்ல சனிக்கிழமை சாயங்காலம் சவுனா அடுப்பு எரியாத வீடு கிடையாது. இந்தப் பல்லு கீழதான் கிடந்துச்சு, அன்னிக்கும் எரிஞ்சிருக்கு. வீட்டச் சுத்தி நுரை, காத்து போக வழியில்ல. ஈரமெல்லாம் இந்தப் பழைய கண்ணாடியிலதான் வந்து உறையும். நீ எதப் பாத்த?”

வேட் கொஞ்சமும் கலங்கவில்லை. “அன்னிக்கு இப்படி இல்லீங்க, அம்மணி. மெஷின் ஓடுச்சு. கண்ணாடி சுத்தமா இருந்துச்சு.”

“இப்பவும்தான் ஓடுது. சத்தம் கேக்குதே.” ஹில்யா ஒரு வாய் காபி குடித்தாள். “சத்தம் மட்டும்தான். அந்த மெஷினுக்கு வெளிச்சுவர்ல ரெண்டு மூக்கு இருக்கணும், காத்த விட ஒண்ணு, வாங்க ஒண்ணு. நான் வீட்டச் சுத்தி வந்தேன். ஒண்ணுகூட இல்ல. குழாய் சுவர் வரைக்கும் வந்து நுரையில முட்டி நிக்குது. நீ சுவர ஓட்டையே போடல. ஆக, ஜன்னல ஐஸ் மூடியிருந்துச்சுன்னா நீ பொய்ச் சாட்சி. சுத்தமா இருந்துச்சுன்னா, காத்தே விடாத மெஷின் ஈரத்த எப்படி வெளிய தள்ளுச்சுன்னு சொல்லணும்.”

கொலை நடந்த இரவு எடுத்த படத்தை ஷெரிஃபின் கையில் கொடுத்தாள். ஷெரிஃப் படத்தின் வெள்ளை மூலையையும், எதிரே இருந்த வெள்ளை ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அதனால நான் கொன்னேன்னு ஆயிடுமா?” என்றான் வேட். சிரிப்பு இன்னும் உதட்டில் இருந்தது.

“ஆகாது. அதுக்குப் படுக்கையறைக்கு வரணும்.”

அவள் புது ஆணிகளைக் கடப்பாரையால் நெம்பிப் பலகையைக் கழற்றினாள். சதுரமாக அறுத்த ஓட்டை, அதை அடைத்துப் பொங்கி நின்ற நுரை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ரொட்டித் தட்டிலிருந்து ரொட்டி வருவதுபோல அது முழுசாகக் கழன்று கையோடு வந்தது.

“நல்ல நுரை இப்படி வராது. சுவரோட பிச்சாத்தான் வரும். ஈரத்து மேலயும் பனி மேலயும் அடிச்சா ஒட்டாதுன்னு உனக்குத் தெரியும். ஆனா காயிற வரைக்கும் காத்திருக்க உனக்கு நேரமில்ல.” ஓட்டைக்குள் விளக்கைக் காட்டினாள். ஆழத்தில் ஒரு பிளாஸ்டிக் தாள் பனி பூத்து மின்னியது. சுற்றியிருந்த மரம் கறுத்து, விரலால் அழுத்தினால் கூழாக வந்தது. “ஈரத்தத் தடுக்குற தாள வெளிப்பக்கம் வச்சு, மேல ஆவி ஊடுருவுற மெத்து நுரை அடிச்சிருக்க. உங்க கடற்கரையில அது சரி. அங்க வெளியிலதான் புழுக்கம். இங்க ஈரம் உள்ளேர்ந்து வெளிய போகும். தாள் வெதுவெதுப்பான பக்கம் இருக்கணும். இல்லாட்டி நுரையத் தாண்டி வந்த ஆவியெல்லாம் அந்தத் தாள்ல முட்டி உறைஞ்சு, உருகி, மரத்தத் தின்னும். எத்தன வீட்டுக்கு இப்படிச் செஞ்ச?”

வேட் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான்.

“நாப்பத்தொண்ணு. கோப்புல பாத்தேன். ரெய்னோ ஒரு சுவரக் காட்டியிருந்தா நாப்பத்தொரு வீடும் திறந்திருக்கும். அன்னிக்கு நீ ஏணிக்காக வரல. சுவரத் திறந்துட்டேன்னு ரெய்னோ உன்னக் கூப்பிட்டிருப்பான். ஆர்விட் போனப்புறம்தான் வந்திருக்க. பல்லு போன வாயோட, தம்பி அடிச்சான்னு ரெய்னோவே உன்கிட்ட சொல்லியிருப்பான். பழி போட ஆளும் கிடைச்சாச்சு.” ஹில்யா நுரைக் கட்டியைத் திருப்பினாள். சுவரின் ஆழத்தில் இருந்த அதன் பின்முகத்தில், ரத்தக் கை பட்ட தாளிலிருந்து பொங்கிய நுரை ஒற்றி எடுத்ததுபோல, பழுப்புச் சிவப்பில் நாலு விரல் தடம். “கொன்ன கையோடவே அடைச்சிருக்க. வீட்டுக்குள்ள காலே வைக்கலன்னு எழுதிக் கொடுத்தவன் நீ. மிலான் எட்டே காலுக்கு வந்து சீல் வச்சுட்டான். நடுவுல இந்த ஓட்டைய மறைக்க வேண்டிய ஆளு உன்ன விட்டா யாரு?”

நுரைக் கட்டியை வாங்கி வெளிச்சத்தில் பார்க்க ஷெரிஃப் விளக்குப் பக்கம் திரும்பினார். அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. வேட் கடப்பாரையைப் பிடுங்கி மிலானின் முகத்தில் ஓங்கி அடித்தான். மூக்கெலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மிலான் ஷெரிஃபின் மேலேயே சரிந்து, இருவரும் அலமாரியோடு விழுந்தார்கள். ஹில்யாவைக் கழுத்தோடு பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போன வேட், கடப்பாரையை அவள் தலைக்கு மேலே ஓங்கினான். கைவிலங்கோடு இருந்த ஆர்விட் தலையால் முட்டிக் குறுக்கே பாய்ந்தார். அடி அவர் தோளில் இறங்கியது. எலும்பு உடைந்து அவர் தரையில் உருண்டார். இரண்டாவது அடிக்குக் கை உயர்ந்தபோது லெம்பி அடுப்போரம் கிடந்த பிர்ச் விறகை எடுத்து வேட்டின் முழங்காலில் அடித்தாள். கால் பக்கவாட்டில் மடங்கியது. அலறிக்கொண்டு விழுந்தான். சரியாக, பெயர்ந்த தரைப்பலகையின் மேல்.

லெம்பி விறகை மறுபடி ஓங்கினாள். இந்தத் தடவை அவன் தலைக்கு நேராக. ஹில்யா மூச்சு வாங்க முடியாமல் சுவரோரம் கிடந்தாள். தடுக்க யாருமில்லை.

“அண்ணி, வேணாம்,” என்றார் ஆர்விட் தரையிலிருந்து. “இந்த ரூம்ல இன்னொரு தலை வேணாம்.”

அவள் கையை இறக்கினாள். பிறகு விறகை அடுப்புக்குள் போட்டுக் கதவைச் சாத்தினாள். மிலான் முகமெல்லாம் ரத்தத்தோடு தவழ்ந்து வந்து, வேட்டின் முதுகில் முழுப் பாரத்தையும் வைத்து உட்கார்ந்தான்.

“அக்கா,” என்றான் மூக்கடைத்த குரலில், “இந்த விலங்க அந்தக் கைலேர்ந்து இந்தக் கைக்கு மாத்திடலாமா?”

அந்த வாரமே ஆர்விட்டை விட்டுவிட்டார்கள். ஆனாலும் அவர் அண்ணன் வீட்டுப் பக்கம் வரவில்லை. தோளில் கட்டோடு தன் வீட்டிலேயே அடைந்து கிடப்பதாக மிலான் சொன்னான்.

அடுத்த சனிக்கிழமை ஹில்யா ஆள் வைத்துக் கீழ்த்தளச் சுவரில் இரண்டு துளை போட்டு, இரண்டு மூக்கும் வைத்து, மெஷினை நிஜமாகவே ஓடவிட்டாள். லெம்பி வழக்கப்படி ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு ஆளுக்கு எதற்கு இத்தனை விறகு என்று ஹில்யா கேட்கவில்லை.

சமையலறையில் இருவரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் ஐஸ் நடுவில் உருகி விலகியது. முதலில் ஒரு காசளவு, பிறகு ஒரு தட்டளவு. நீர் வழிந்து துண்டில் இறங்கியது. அந்தக் குளிர்காலத்தில் முதல்முறையாக, சவுனா எரியும்போதே லெம்பி அதன் வழியே முற்றத்தைப் பார்த்தாள்.

வாசல் விளக்கின் வெளிச்சம் விழுந்த பிர்ச் மரத்தடியில் ஆர்விட் நின்றுகொண்டிருந்தார். கக்கத்தில் குளியல் துண்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, தொப்பியில் பனி கனத்துக் கிடந்தது. வாசலுக்கு வரவும் துணிவில்லை, திரும்பிப் போகவும் மனமில்லை.

லெம்பி எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

“கல்லு காஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சு,” என்றாள். “வர்றதுன்னா வா. கதவத் திறந்து வச்சா சூடெல்லாம் வெளிய போகுது.”